மாயாண்டி அண்ணனின் பெருவிரல்

மாயாண்டி அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கால் என் மடியில் இருந்தது.

பஞ்சைத் திரித்து நுனியைக் கூராக்கி வைத்திருந்தேன். அதைக்கொண்டு பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொடுவேன். தொட்டது தெரிந்தால் அவர் “இப்ப” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

தொட்டேன். அவருக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி பேச்சி லேசாக இருமினார்.

“இப்ப” என்றார் அண்ணன்.

குதிகாலில் தொட்டேன். பேச்சி மதினிக்கு மறுபடியும் இருமல்.

“இப்ப.”

சர்க்கரை வந்து பதினைந்து வருடமான கால். இவ்வளவு உணர்ச்சி மிச்சம் இருந்தால் அதிசயம்தான். நான் பஞ்சை ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டில் மிளகாய் வற்றல் வறுத்தார்கள். நெடி ஏறி மதினிக்குத் தொடர்ந்து இருமல் வந்தது.

“இப்ப. இப்ப. இந்தா, இப்ப” என்றார் அண்ணன்.

“அண்ணே, நான் தொடவே இல்ல.”

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. மதினியைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏண்டி, சொல்லி வச்சது என்ன, நீ செய்றது என்ன?”

“வத்தல் நெடிக்கு நான் என்னங்க பண்ண? நெசமாவே வந்துருச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பாதத்தைத் திருப்பினேன். பெருவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி. உள்ளே மஞ்சள். விரல் பக்கத்து ஓரத்தில் கருப்பு ஏறத் தொடங்கியிருந்தது. குழிக்குள் பஞ்சை விட்டுத் துடைத்தேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து நாள்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒருவர், ஆஸ்பத்திரிக் கதையாகவே சொல்கிறீர்களே என்று கேட்டார். இது வீட்டுக் கதை. சோழவந்தானில் நடந்தது.

நான் நர்ஸ் இல்லை. எட்டாவதோடு படிப்பு நின்றது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் ஆள் குறைந்தபோது மருந்துத் தட்டைப் பிடிக்கக் கூப்பிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் பிடித்தேன். பார்த்துப் பார்த்துக் கை பழகியது. வெளியே வந்த பிறகு, டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் வீடுகளுக்குப் போய்க் கட்டு மாற்றுகிறேன். போகிற வீட்டில் எல்லாம் நர்சம்மா என்கிறார்கள். மறுத்து மறுத்து அலுத்துவிட்டது.

மாயாண்டி அண்ணன் கொடிக்கால்காரர். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அகத்தி மரங்களில் கொடி ஏறும். நடுவில் வாய்க்கால் ஓடும். எந்நேரமும் நிழல், எந்நேரமும் ஈரம். உள்ளே செருப்போடு போகக் கூடாது. அது சாமி இருக்கிற இடம். வெட்டிய அகத்திக் கட்டை ஒன்று அவர் பாதத்தில் குத்தியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. நாலு நாள் அதோடு நடந்திருக்கிறார். வீட்டுத் தரையில் ஈரத்தடம் பார்த்து, நாற்றம் பிடித்து, மதினிதான் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

மதுரையில் டாக்டர் கட்டையை எடுத்து, அழுகினதை வெட்டிச் சுத்தம் செய்து அனுப்பினார். “பத்து நாள் பார்ப்போம். கருப்பு மேலே ஏறினால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான்” என்று சொல்லியிருந்தார்.

உணர்ச்சி இருப்பதாகக் காட்டினால் வெட்ட மாட்டார்கள் என்று யாரோ அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் அந்த இருமல் ஏற்பாடு.

“போனா ஒரு விரல்தானேண்ணே. இன்னும் ஒம்பது இருக்கு” என்று சும்மா சொல்லிப் பார்த்தேன்.

“ஏணியில நீ ஏறியிருக்கியா?”

“இல்ல.”

“ஏறிப் பாரு. படியைப் பிடிக்கிறது பெருவிரலுதான். மத்ததெல்லாம் சும்மா கூட வருது.”

வெற்றிலை கிள்ள ஏணியில்தான் நிற்க வேண்டும். அவர் அப்பா அந்தக் கொடிக்காலில் கூலிக்குத் தண்ணீர் இறைத்தவர். இவர் அதே இடத்தை இன்னும் சில பேரோடு பங்கு சேர்ந்து குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். விரல் போனால் ஏணி போகும். ஏணி போனால் கொடிக்கால் போகும்.

சிங்கத்தின் வால்

புண் என்று வந்தால் நம் ஊரில் எல்லாரும் வைத்தியர்தான். வெட்டுக்காயத்தில் காபித்தூள் அப்பிக்கொண்டு வருவார்கள். சுட்ட புண்ணில் தோசை மாவைத் தடவிக்கொண்டு வருவார்கள். மாவைச் சுரண்டி எடுப்பதற்குள் எனக்கு அரை மணி நேரம் ஆகும். “உளுந்து எம்புட்டு, அரிசி எம்புட்டு?” என்று கேட்பேன். சிலர் நிஜமாகவே அளவு சொல்வார்கள்.

சுட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டினால் போதும். இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். தண்ணீர் ஒரு மருந்தா என்பார்கள்.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு வாத்தியாருக்கு அக்கி வந்தது. முதுகிலிருந்து விலா வரை வரிசையாகக் கொப்புளம். எரிச்சலில் மனிதர் சட்டை போட முடியாமல் இருந்தார். மண்பானை செய்கிறவர் வீட்டுக்குப் போய்க் காவியைக் குழைத்து அதன்மேல் சிங்கம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அது அங்கே வழக்கம். நான் போனபோது கொப்புளம் இரண்டு மூன்று உடைந்து சீழ் வைத்திருந்தது. காவியைக் கழுவ வேண்டும் என்றேன்.

“கழுவுங்க. வாலை மட்டும் விட்டுருங்க. நல்லா வந்திருக்கு” என்றார்.

வால் இருந்த இடத்தில் கொப்புளம் உடையவில்லை. விட்டுவிட்டேன். ஆனால் அவரிடம் ஒன்று சொன்னேன். அக்கி வந்த மூன்று நாளைக்குள் டாக்டரைப் பார்த்தால்தான் மாத்திரை சரியாகக் கேட்கும். சிங்கம் எழுதப் போன நேரத்தில் அதில் இரண்டு நாள் போயிருந்தது.

எனக்கு அரிக்கல

மதுரைப் பழைய ஊருக்குள் ஒரு பாய் வீட்டில் ஆறு பேருக்கும் சொறி. சொறிக்கு ஒரே சட்டம்தான். வீட்டில் இருக்கிற எல்லாரும் ஒரே நாளில், கழுத்திலிருந்து கால்வரை மருந்து பூச வேண்டும். அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூச வேண்டும். துணிமணியைச் சுடுதண்ணீரில் போட வேண்டும். ஐந்து பேர் பூசினார்கள். வீட்டுக்காரர் மட்டும் “எனக்கு அரிக்கல” என்று சொல்லிவிட்டார். முழங்கையைக் கதவு ஓரத்தில் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

இரண்டே வாரத்தில் எல்லாருக்கும் திரும்பி வந்துவிட்டது.

“துணியெல்லாம் வெந்நியில போட்டாச்சு நர்சம்மா. இவுகளைத்தான் போடல” என்றார் அவர் மனைவி.

எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தனை வருடத்தில் நான் பார்த்த தப்பெல்லாம் அடுத்தவர் செய்த தப்பு. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளை ஓரம்

மாயாண்டி அண்ணன் புண்ணை வெயிலில் காட்டிக் காய வைக்க வேண்டும் என்று நின்றார். எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். காய்ந்தால் ஆறிவிட்டது என்று நினைப்பு. காய்ந்த புண்ணில் மேலே பக்கு கட்டும். அதற்குக் கீழே சதை வளர வழி இருக்காது.

நான் சொன்னேன். “புண்ணு காயக் கூடாதுண்ணே. ஈரம் இருக்கணும்.”

“ஈரம் இருக்கணுமா?”

“ஆமா.”

அவ்வளவுதான் சொன்னேன். எனக்கு அதிகம் பேச வராது. உப்புத் தண்ணீர் மருந்தில் கழுவி, டாக்டர் சொன்னதை வைத்துக் கட்டிவிட்டு பஸ் பிடித்தேன். தினமும் அதுதான்.

முதல் இரண்டு நாள் பரவாயில்லை. நாலாம் நாள் கட்டைப் பிரித்தேன். புண்ணைச் சுற்றித் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. நாளெல்லாம் துணி துவைத்த கை மாதிரி. விரல் இடுக்கிலும் அதே வெளுப்பு. தொட்டால் உரிந்து வந்தது. கருப்பு ஓரம் ஒரு நூல் கூடியிருந்தது.

“கொடிக்காலுக்குள்ள போனீகளா?”

“இல்ல.”

“அண்ணே, தோலு சொல்லுது. தண்ணியில நின்னிருக்கீக.”

“வீட்டு வாசப்படி தாண்டல தங்கச்சி.”

“கட்டோட வாய்க்கால்ல நின்னுட்டு, எங்கிட்ட வாசப்படிக் கதை சொல்லாதீக.”

அவர் முகம் மாறியது. “அந்தக் கொடிக்கு ஆணை. நான் போகல” என்றார்.

கொடிக்கால்காரர் கொடிமேல் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் நம்பவில்லை. அன்று முதல் இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. மதினிதான் தவித்தார். காபி கொடுக்கும்போது, “அவுக போகலம்மா. நான் கூடவேதான கிடக்கேன்” என்று மெதுவாகச் சொன்னார். இருமி ஏமாற்றியவர் பேச்சை எப்படி நம்புவது? காபியை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

ஆறாம் நாளும் வெளுப்பு குறையவில்லை.

செம்புத் தண்ணீர்

ஏழாம் நாள் ஒரு பஸ் முன்னதாகக் கிடைத்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். அண்ணன் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு செம்பு. என் கட்டுக்கு மேல் வாழை இலையைச் சுற்றி, நாரால் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். செம்பில் விரலை நனைத்து இலை இடுக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். தெளிப்பார். சாய்ந்து பார்ப்பார். மறுபடி தெளிப்பார். அவ்வளவு பக்குவம்.

மதுரைக்கு அனுப்புகிற வெற்றிலைக் கட்டை அப்படித்தான் வைப்பார்கள். வாழைச் சருகில் பொதிந்து, தண்ணீர் தெளித்து, நாரால் கட்டுவார்கள். இரண்டு மூன்று நாளானாலும் வாடாது.

“என்னண்ணே பண்றீக?”

அவர் பதறவில்லை. மறைக்கவும் இல்லை.

“நீதான சொன்ன, ஈரம் இருக்கணும்னு. நீ கட்டிட்டுப் போனா மத்தியானத்துக்குள்ள துணி காஞ்சு போகுது. மூணு வேளையும் தெளிக்கிறேன். வெயில் நேரத்துல நாலு. நீ வர்ற நேரத்துக்கு இலையைப் பிரிச்சு வச்சுருவேன், உனக்கு வேலை மிச்சம்னு.”

“மொத நாள்ல இருந்தா?”

“ரெண்டாம் நாள்ல இருந்து. மொத நாள் விட்டுப்போச்சு.” விட்டுப்போனதற்கு வருத்தப்பட்டார்.

மதினி உள்ளேயிருந்து வந்தார். “நான்தாம்மா வாழை இலை அறுத்துக் குடுத்தேன். குருத்து இலைதான்.”

நான் கீழே உட்கார்ந்தேன். திட்ட வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. ஈரம் இருக்க வேண்டும் என்று சொன்னது நான். புண்ணுக்குள் இருக்கிற ஈரம் போதும், வெளியே ஒரு சொட்டுப் படக் கூடாது, சுற்றியுள்ள தோல் காய்ந்து இருக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டதும் நான். அவர் நான் சொன்னதைச் செய்தார். அவருக்குத் தெரிந்த தொழில்படி செய்தார். நான் அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டேன்.

“அண்ணே, தப்பு எம்மேல. நான் பாதிதான் சொன்னேன்.”

“மீதியைச் சொல்லு.”

கொஞ்சம் யோசித்தேன். எனக்கு வெற்றிலை தெரியாது. போட்டுக்கொள்ளத்தான் தெரியும்.

“கொடிக்கு அடியில ஈரம் வேணுமா?”

“வேணும். இல்லன்னா கொடி ஏது?”

“அந்தத் தண்ணி வடியாம வேர்ல நின்னா?”

அண்ணன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். காலைப் பார்த்தார். கட்டு மூடியிருந்த விரலைப் பார்த்தார். கொடிக்காலில் வேர் அழுகினால் ஒரு கொடியோடு நிற்காது. வரிசையாகப் போகும். அது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவரே முடிச்சை அவிழ்த்தார். வாழை இலையை எடுத்து வீசினார். செம்பை மதினியிடம் கொடுத்தார்.

“இதை என் கண்ணுல காட்டாத” என்றார்.

நாக்குச் சிவப்பு

டாக்டருக்குப் போன் போட்டேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கருப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவர் கேட்டார். பிறகு, “உடனே கூட்டி வாங்க” என்றார்.

போனோம். ஊறின தோலை வெட்டி எடுத்தார். மருந்தை மாற்றினார். சர்க்கரைக்கு ஊசி கூட்டினார். “பத்து நாள் சொன்னேன். இன்னும் நாலு நாள் தர்றேன். அதுக்கு மேல என் கையில இல்ல” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன், “அவரு குடுத்தது நாலு நாள். நீ எத்தனை தருவ?” என்று கேட்டார்.

“நான் எங்க இருந்து தர? நீங்க செம்பைத் தொடாம இருந்தாச் சரி.”

அந்த நாலு நாளும் காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போனேன். புண் ஓரத்தைத் துடைத்தேன். விரல் இடுக்கில் துணி விட்டு ஒவ்வொன்றாக ஒற்றினேன். தோலுக்குக் காப்பாகக் களிம்பு பூசினேன். நசநசத்த கட்டை உடனே மாற்றினேன். ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவ்வளவு பேசி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

“நர்சம்மா பேச ஆரம்பிச்சுட்டாக. இனி நிறுத்த முடியாது” என்று மதினி சிரித்தார்.

“மதினி, உங்களுக்கும் வேலை இருக்கு. தினம் பொழுது சாயுறதுக்கு முன்னாடி ரெண்டு காலையும் தூக்கிப் பாக்கணும். அடி, குதிகால், இடுக்கு. எண்ணெய் தடவலாம், இடுக்குல தடவக் கூடாது. சுடுதண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி உங்க முழங்கையை விட்டுப் பாக்கணும். அவுக காலை நம்பக் கூடாது.”

“அவுக காலை மட்டுமா?” என்றார் மதினி.

மூன்றாம் நாள் கருப்பு அதே இடத்தில் நின்றது. நாலாம் நாள் ஒரு பக்கம் நெகிழ்ந்து, அடியில் சிவப்புத் தெரிந்தது. நல்ல சிவப்பு. வெற்றிலை போட்ட நாக்கு மாதிரி. மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். அடுப்படிக்குப் போய்விட்டார். உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்று யாரும் வற்றல் வறுக்கவில்லை.

புண் முழுதாக மூட இரண்டரை மாதம் ஆனது. விரல் நின்றது. டாக்டர் மெத்தென்று அடிப்பாகம் உள்ள செருப்பு எழுதிக் கொடுத்தார். உணர்ச்சி இல்லாத காலுக்கு என்றே செய்வது. நீல வார் வைத்தது.

“தரையில வெறுங்கால் படவே கூடாது. வீட்டுக்குள்ளயும்” என்றார்.

“கொடிக்காலுக்குள்ள?” என்றார் அண்ணன்.

“அங்கதான் முக்கியமா.”

அண்ணன் செருப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சோழவந்தான் வரும்வரை அதன் வாரைத் தடவிக்கொண்டே வந்தார்.

வேலிக்கு வெளியே

அதன்பிறகு அவர் செருப்போடு கொடிக்கால் வரை போவார். வேலிக்கு வெளியே கல்லில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே கிள்ளுகிறவர்களைப் பார்த்துச் சத்தம் போடுவார். உள்ளே போக மாட்டார். செருப்பைக் கழற்றினால் கால் போகும். கழற்றாவிட்டால் வழக்கம் போகும். அவர் கை படாத அவருடைய பங்கு ஒரு மாதத்தில் தளர்ந்துவிட்டது என்று மதினி சொன்னார். குத்தகையை விட்டுவிடலாமா என்று பேச்சு வந்ததாம்.

ஒரு நாள் கல்லில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சாமி கோவிக்கும்னு பயமாண்ணே?”

“சாமி கெடக்கு. எங்கப்பன் காலத்துல எங்காளுக தெருவுலயே செருப்புப் போட முடியாது. கையில தூக்கிட்டுப் போவாக. நான் மொதல்ல போட்டது இருபது வயசுல. இந்த ஒரு எடத்துலதான் பெரிய வீட்டுக்காரனும் கழட்டுவான், நானும் கழட்டுவேன். அது எனக்குப் பிடிக்கும்.”

மீதிப் பாதியைச் சொல்லப் பழகியிருந்தேன். அன்று சொல்லவில்லை. காலைக் காட்டச் சொன்னேன். பார்த்தேன். நன்றாக இருந்தது. கிளம்பி வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். வீட்டில் யாரும் இல்லை. கொடிக்காலுக்கு நடந்தேன். வேலி ஓரம் ஆறேழு ஜோடி செருப்புக் கிடந்தது. நீல வார் வைத்தது இல்லை. கல்லிலும் அவர் இல்லை.

செருப்பை வீட்டிலேயே போட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார் என்று நினைத்தேன். என் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினேன். ஈரம் சில்லென்று ஏறியது. நாலு வரிசை தள்ளி அகத்தியில் ஏணி சாய்ந்திருந்தது. மூன்றாம் படியில் இரண்டு கால்கள். நீல வார்.

கீழே மதினி கூடையோடு நின்றார். “நான்தான் செருப்போட ஏறச் சொன்னேன். வடை மாலை சாத்திச் சாமிகிட்டச் சொல்லிட்டேன். மத்த பங்குக்காரவுக வடையைத் தின்னுட்டு ஒண்ணும் சொல்லல” என்றார்.

இலைகளுக்கு நடுவிலிருந்து அண்ணன் குனிந்து பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சேற்றில் நின்ற என் காலைப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, வெறுங்காலோட வாரே? அகத்திக் கட்டை கெடக்குதுல்ல. குத்துனா எவன் வந்து கட்டுப் போடுறது?”